‘டர்போ போச்சு’ என்று முடிவு செய்யும் முன் இந்தச் சின்ன வால்வைப் பாருங்கள்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலை. முன்பெல்லாம் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு முனகாமல் ஏறிய எக்சோரா டர்போ, இப்போது காய்கறி லாரிக்குப் பின்னால் மூச்சு வாங்குகிறது. எண்ணெய் மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வேகம் எடுக்கவில்லை. பானெட்டுக்கு அடியில் எங்கோ காற்று கசிவது போல ‘புஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். சில நாள்களில் செக் எஞ்சின் விளக்கும் எரியத் தொடங்குகிறது. பட்டறைக்குக் கொண்டு போனால், போமன் பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, “அண்ணே, டர்போ போச்சு. மாத்தித்தான் ஆகணும்” என்கிறார்.

டர்போவை மாற்றுவது ஆயிரக்கணக்கில் ரிங்கிட் கேட்கும் வேலை. வீட்டில் இருப்பது அந்த ஒரு கார்தான். பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டு போவதும், அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போவதும், வேலைக்குப் போய் வருவதும் அதில்தான். கடனோ உடனோ வாங்கி டர்போவை மாற்றிய பிறகும் அதே ‘புஸ்ஸ்’ சத்தம் தொடர்ந்தால் அந்தக் குடும்பம் யாரிடம் போய்க் கேட்கும்?

இந்தக் குறிகள் எல்லாம் டர்போ கெட்டதால்தான் வரவேண்டும் என்பதில்லை. டர்போவுக்குப் பக்கத்திலோ, அதிலிருந்து போகும் காற்றுக் குழாயிலோ, உள்ளங்கையில் அடங்கும் அளவில் ஒரு வால்வு இருக்கும். பெயர் ப்ளோ ஆஃப் வால்வு. பட்டறைகளில் சுருக்கமாக ‘பிஓவி’ என்பார்கள். அது பிசுக்கேறி ஒட்டிக்கொண்டாலும், அதற்குப் போகும் மெல்லிய ரப்பர் ஹோஸ் வெடித்துவிட்டாலும் இதே குறிகள் தோன்றும். அதைச் சரிசெய்ய ஆகும் செலவு, டர்போ மாற்றும் செலவில் மிகச் சிறு பங்குதான். அந்த வால்வு என்ன செய்கிறது, ஏன் ஒட்டிக்கொள்கிறது, எப்படிக் கண்டுபிடித்துச் சுத்தம் செய்வது என்பதைத் தெரிந்து வைத்திருந்தால், போமன் சொல்வதை எடை போட்டுப் பார்க்கவாவது முடியும்.

துருத்தியும் அதன் கதவும்

டர்போ என்பது ஒரு வகைத் துருத்தி. கொல்லுப்பட்டறையில் துருத்தி ஊதினால் உலையில் நெருப்பு கொழுந்து விடுவது போல, டர்போ எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிறது. காற்று கூடினால் அதற்கேற்ற பெட்ரோலையும் சேர்த்து எரிக்கலாம். சிறிய எஞ்சினிலிருந்து பெரிய எஞ்சினின் இழுவை கிடைக்கும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905ஆம் ஆண்டிலேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று எக்சோரா, பிரிவே, சுப்ரிமா எஸ் ஆகியவற்றின் 1.6 டர்போ எஞ்சின் தொடங்கி, எக்ஸ்50, அத்திவா, ஹோண்டா சிவிக் 1.5 டர்போ வரை சாதாரணக் குடும்பங்களின் வீட்டு வாசலிலேயே டர்போ நிற்கிறது. எக்சோராவின் 1.6 டர்போ எஞ்சின் தரும் முறுக்குவிசை 205 நியூட்டன் மீட்டர். டர்போ இல்லாத 1.6 எக்சோராவில் அது 150 மட்டுமே. மலை ஏறும்போது தெரியும் வித்தியாசம் இதுதான்.

இந்தத் துருத்தியைக் கையால் ஊதுவதில்லை. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சில் உள்ள மறுபக்கச் சக்கரம் காற்றை இழுத்து அமுக்கித் தள்ளுகிறது. நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் சக்கரம் அது. நாம் மிதியிலிருந்து காலை எடுத்தவுடன் அது நின்றுவிடாது. ஆனால் அந்தக் கணத்திலேயே எஞ்சினின் வாயிலில் உள்ள திராட்டில் தகடு மூடிக்கொள்கிறது. டர்போ தள்ளிக்கொண்டே இருக்க, காற்றுக்குப் போக வழியில்லை. மூடிய கதவில் முட்டிய காற்று திரும்பி வந்து, சுழலும் சக்கரத்தின் மீதே மோதுகிறது. அப்போது கேட்கும் ‘ச்சு ச்சு ச்சு’ என்ற படபடப்பைப் பட்டறைக்காரர்கள் சர்ஜ் என்பார்கள்.

அந்தக் காற்றுக்கு ஒரு பக்கக் கதவு திறந்து விடுவதே ப்ளோ ஆஃப் வால்வின் வேலை. கால் எடுத்ததும் திறக்க வேண்டும். மீண்டும் அழுத்தியதும் மூட வேண்டும். இதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை.

வேஸ்ட்கேட் என்ற இன்னொரு பாகத்தோடு பலர் இதைக் குழப்பிக்கொள்வார்கள். வேஸ்ட்கேட் புகை போகும் பக்கத்தில் இருந்து, டர்போ எவ்வளவு வேகமாகச் சுழலலாம் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. ப்ளோ ஆஃப் வால்வு இருப்பது சுத்தமான காற்று போகும் பக்கத்தில். பட்டறையில் பேசும்போது எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

திறப்பதும் மூடுவதும் எப்படி?

பழைய வகை வால்வில் மின்சாரம் எதுவும் கிடையாது. ஒரு சிறு பிஸ்டன் அல்லது மெல்லிய ரப்பர் சவ்வு, அதன் மேல் ஒரு ஸ்பிரிங், மேல் மூடியிலிருந்து எஞ்சினின் மேனிஃபோல்டுக்குப் போகும் ஒரு மெல்லிய ஹோஸ். இவ்வளவுதான்.

மிதியை அழுத்தும்போது டர்போ குழாயிலும் மேனிஃபோல்டிலும் ஏறத்தாழ ஒரே அழுத்தம் இருக்கும். பிஸ்டனின் கீழே இருந்து தள்ளும் காற்றும், ஹோஸ் வழியாக வந்து மேலே இருந்து தள்ளும் காற்றும் சமம். ஆகவே ஸ்பிரிங் வால்வை மூடியே வைத்திருக்கும். காலை எடுத்ததும் திராட்டில் மூடுகிறது. எஞ்சின் காற்றை உறிஞ்ச, மேனிஃபோல்டில் வெற்றிடம் உண்டாகிறது. அந்த வெற்றிடம் ஹோஸ் வழியாகப் பிஸ்டனை மேலே இழுக்கிறது, கீழே உள்ள காற்றும் தள்ளுகிறது, வால்வு திறக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிஸ்டனின் விட்டம் 25 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதன் பரப்பு ஏறத்தாழ 5 சதுர சென்டிமீட்டர். டர்போவின் அழுத்தம் 0.8 பார் என்றால் கீழே இருந்து அது தள்ளும் விசை சுமார் 4 கிலோ. ஹோஸ் நன்றாக இருக்கும்வரை மேலே இருந்தும் அதே 4 கிலோ அழுத்துவதால் வால்வு அசையாது. ஹோஸ் வெடித்துவிட்டாலோ கழன்றுவிட்டாலோ மேலே இருந்து அழுத்த ஒன்றுமில்லை; ஸ்பிரிங் மட்டும் தனியாக 4 கிலோவைத் தாங்க வேண்டும். தாங்க முடியாத ஸ்பிரிங் விட்டுக்கொடுத்துவிடும். அப்படியானால் மலை ஏறுகையில், காற்று மிகவும் தேவைப்படும் நேரத்தில் வால்வு திறந்து காற்று வீணாகும். வால்விலும் குறையில்லை, டர்போவிலும் குறையில்லை. ஒரு துண்டு ரப்பர் ஹோஸ்தான் குற்றவாளி.

மூடி நின்றால் ஒன்று, திறந்து நின்றால் வேறொன்று

வால்வு ஒட்டிக்கொள்வது இரண்டு விதம். இரண்டின் அறிகுறிகளும் வேறு வேறு.

மூடியபடி ஒட்டிக்கொண்டால், வேகமாக ஓட்டிக் காலை எடுக்கும்போது ‘ச்சு ச்சு ச்சு’ என்ற சர்ஜ் சத்தம் பலமாகக் கேட்கும். கியர் மாற்றும்போது கார் லேசாக உதறலாம். இழுவையில் பெரிய குறை தெரியாததால் பலர் இதை விட்டுவிடுவார்கள். சிலர் அந்தச் சத்தத்தை ரசிக்கவும் செய்வார்கள். ஆனால் திரும்பி வந்து மோதும் காற்று ஒவ்வொரு முறையும் டர்போவின் அச்சை முன்னும் பின்னுமாகத் தள்ளுகிறது. நாளடைவில் அச்சைத் தாங்கும் பேரிங் தேயும். அப்போது உண்மையிலேயே டர்போ போய்விடும்.

திறந்தபடி ஒட்டிக்கொண்டால் குறை உடனே தெரியும். வேகம் எடுக்காது, ஏற்றத்தில் திணறும், மிதியை அழுத்தும்போது காற்று கசியும் சத்தம் வரும். ஸ்கேனர் போட்டால் பி0299 என்ற குறியீடு வரலாம். டர்போ தர வேண்டிய அழுத்தம் வரவில்லை என்பதே அதன் பொருள். டர்போ கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. அந்த எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் டர்போவைக் கழற்றுவது, காய்ச்சல் என்றவுடன் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பதைப் போன்றது.

ஏன் ஒட்டிக்கொள்கிறது?

முதல் காரணம் எண்ணெய்ப் பிசுக்கு. எஞ்சினுக்குள் உண்டாகும் ஆயில் ஆவி, மூச்சுக் குழாய் வழியாக மீண்டும் காற்றுப் பாதைக்கே அனுப்பப்படுகிறது. அதில் ஒரு பங்கு வால்வில் படிகிறது. மெல்லிய படலமாக இருந்தால் கவலையில்லை. அதில் தூசி சேர்ந்து, எஞ்சின் சூட்டில் காய்ந்தால் பழுப்பு நிறப் பசையாகி பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். செம்மண் சாலையில் அன்றாடம் போய்வரும் தோட்டத்துக் கார்களில் காற்று வடிகட்டியை நாள் கடத்தி மாற்றினால் இது விரைவில் நடக்கும்.

இரண்டாவது, தவறான கிரீஸ். ‘வழுக்கினால் நல்லதுதானே’ என்று சக்கரப் பேரிங்குக்குப் போடும் கெட்டிக் கிரீஸை அப்பிவிடுவார்கள். சில மாதங்களில் அதுவே தூசியை வாரிக்கொண்டு பிஸ்டனைச் சிறைப்படுத்திவிடும். பெட்ரோலியக் கிரீஸ் சில வகை ரப்பரை ஊத வைக்கும். ஊதிய ஓ ரிங் பிஸ்டனை அசைய விடாது.

மூன்றாவது, வயது. ரப்பர் சவ்வு கிழிகிறது, ஸ்பிரிங் தளர்கிறது, ஹோஸ் காய்ந்து வெடிக்கிறது. நான்காவது, மலிவுப் போலிகள். ஜப்பானிய நிறுவனங்களின் பெயரைப் பொறித்து இணையக் கடைகளில் விற்கப்படும் நகல் வால்வுகளில் பிஸ்டனும் உருளையும் அளவாகப் பொருந்தாமல் இருப்பதுண்டு. ஜப்பானின் 660 சிசி டர்போ எஞ்சினைப் போட்டு ஓட்டும் கஞ்சில், கெலிசா கார்களில் இளைஞர்கள் இத்தகைய வால்வுகளைப் பொருத்துவதைப் பரவலாகக் காணலாம்.

கழற்றும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஓடி வந்த காரின் டர்போ பகுதி கையைச் சுட்டுப் பொசுக்கிவிடும்.

முதலில் கண்ணால் பாருங்கள். வால்வின் மேலிருந்து போகும் மெல்லிய ஹோஸை இரு முனைகளிலும் லேசாக வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். கழன்றிருக்கிறதா, மடிந்து நசுங்கியிருக்கிறதா என்றும் கவனியுங்கள். அடுத்து, இன்டர்கூலருக்குப் போகும் பெரிய குழாய்களின் கிளாம்புகளைத் தொட்டுப் பாருங்கள். தளர்ந்த கிளாம்பும் இதே கசிவுச் சத்தத்தைத் தரும். குழாயின் மூட்டில் ஈரமாக ஆயில் கசிந்திருந்தால் காற்றும் அங்கே கசியக்கூடும்.

இரண்டாவது, ஹோஸில் வெற்றிடம் வருகிறதா என்று பார்ப்பது. எஞ்சின் ஐட்லில் ஓடும்போது, சுழலும் பெல்ட், விசிறி ஆகியவற்றிலிருந்து கையை விலக்கி வைத்துக்கொண்டு, வால்வின் முனையில் ஹோஸைக் கழற்றி விரலால் மூடினால் உறிஞ்சும் உணர்வு இருக்க வேண்டும். இல்லையென்றால் ஹோஸ் அடைத்திருக்கிறது அல்லது வழியில் எங்கோ ஓட்டை இருக்கிறது. பார்த்தவுடன் ஹோஸைத் திரும்ப மாட்டிவிட வேண்டும்.

மூன்றாவது, வால்வு அசைகிறதா என்ற சோதனை. பட்டறைகளில் கைவேக்கம் பம்ப் இருக்கும். இல்லாதவர்கள் மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசியில்லாத பெரிய சிரிஞ்சைப் பயன்படுத்தலாம். எஞ்சினை நிறுத்தி, ஒரு துண்டு ஹோஸ் மூலம் வால்வின் மேல்முனையோடு சிரிஞ்சை இணைத்து இழுத்தால் பிஸ்டன் மேலே எழ வேண்டும். விட்டால் தங்கு தடையின்றி இறங்கி மூட வேண்டும். சவ்வு வகையில், இழுத்துப் பிடிக்கும்போது வெற்றிடம் நிற்காமல் இறங்கினால் சவ்வு கிழிந்திருக்கலாம். பிஸ்டன் வகையில் மெதுவாகக் கசிவது இயல்பு. வால்வைக் கழற்றிவிட்டால் விரலாலேயே பிஸ்டனைத் தள்ளிப் பார்க்கலாம். பாதி வழியில் இடறினால் அங்கேதான் பிசுக்கு.

இவை எதிலும் விடை கிடைக்காவிட்டால் பட்டறையில் கசிவுச் சோதனை செய்யச் சொல்லுங்கள். டர்போவின் வாயை அடைத்து, குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, மூட்டுகளில் சோப்பு நீர் தெளிப்பார்கள். நுரை எங்கே பொங்குகிறதோ அங்கே கசிவு. சைக்கிள் டியூபில் ஓட்டை தேடிய எவருக்கும் இது புரியும்.

சுத்தம் செய்யும் முறை

பிஸ்டன் வகை வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்வது, ஸ்பேனர் பிடித்துப் பழகியவருக்கு ஒரு மணி நேர வேலை.

கழற்றும் முன் கைப்பேசியில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வால்வை எடுத்தவுடன் குழாயில் திறந்திருக்கும் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிட வேண்டும். உள்ளே விழும் ஒரு சிறு திருகாணி டர்போவையோ எஞ்சினையோ நாசமாக்கிவிடும்.

வால்வின் மூடியைத் திறக்கும்போது உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். கண்ணாடி அணிந்து, உள்ளங்கையால் மூடியை அழுத்திப் பிடித்தபடி திருகாணிகளையோ வளையப் பூட்டையோ எடுங்கள். உள்ளிருந்து வரும் பாகங்களை வந்த வரிசையிலேயே ஒரு துணியில் அடுக்கி வையுங்கள்.

உலோகப் பாகங்களுக்கு பிரேக் கிளீனரும் பழைய பல் துலக்கியும் போதும். ரப்பர் சவ்வு, ஓ ரிங் ஆகியவற்றில் அந்தக் கிளீனர் படக்கூடாது. அவற்றுக்கு வெதுவெதுப்பான சோப்பு நீரே ஏற்றது. பிஸ்டனையோ உருளையின் உட்புறத்தையோ உப்புத்தாள் கொண்டு தேய்க்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறலும் காற்றைக் கசிய விடும். ஏற்கெனவே விரல் நகத்தில் இடறும் அளவுக்குக் கீறல் விழுந்திருந்தால் அந்த வால்வின் ஆயுள் முடிந்தது என்று கொள்ளலாம்.

எல்லாம் உலர்ந்த பிறகு, ஓ ரிங்கிலும் பிஸ்டனின் பக்கங்களிலும் சிலிகோன் கிரீஸை மெல்லிய படலமாக மட்டும் தடவுங்கள். விரலில் ஒட்டும் அளவே மிகுதி. வால்வைத் தயாரித்தவர் வேறு எண்ணெய் சொல்லியிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். டபிள்யூடி40 போன்ற தெளிப்பான்கள் அன்றைக்கு வழுக்கும்; ஆனால் விரைவில் காய்ந்துபோவதால் நாள்பட்ட உயவுக்கு அவை உதவா.

திரும்பப் பூட்டும்போது காஸ்கெட் கிழிந்திருந்தால் புதிதாகப் போடுங்கள். அலுமினியத்தில் ஏறும் திருகாணிகளை ஒரேயடியாக முறுக்கினால் மரை போய்விடும். மெல்லிய ஹோஸ் பழையதென்றால், உள்விட்டம் சரியாகப் பொருந்தும் வெப்பம் தாங்கும் ஹோஸைப் போட்டு இரு முனைகளையும் கிளிப்பால் கட்டிவிடுங்கள். சுத்தம் செய்த வால்வில் வெடித்த ஹோஸை மாட்டினால் செய்த வேலையெல்லாம் வீண்.

கழற்றிய குழாயில் ஆயில் மெல்லிய படலமாக இல்லாமல் தேங்கி நின்றால் கதை வேறு. எஞ்சினின் மூச்சு வால்வோ டர்போவின் சீலோ பழுதாகியிருக்கக்கூடும். அதைக் கவனிக்காமல் ப்ளோ ஆஃப் வால்வை மட்டும் துடைத்து வைத்தால் சில வாரங்களில் மீண்டும் ஒட்டிக்கொள்ளும்.

மின்சார வால்வு என்றால்?

எல்லா டர்போ காரிலும் இந்த வால்வு ஒரே வடிவில் இருக்காது. புதிய கார்கள் பலவற்றில் இது எஞ்சின் கணினியின் ஆணைப்படி மின்சாரத்தால் திறக்கும். சில எஞ்சின்களில் தனி வால்வாகவே இருக்காது. ஃபோக்ஸ்வேகன், ஆவ்டி கார்களின் 2.0 டர்போ எஞ்சின்களில் தொடக்கத்தில் வந்த மின்சார வால்வின் ரப்பர் சவ்வு கிழிவது பரவலாக அறியப்பட்ட குறை. பின்னாளில் அது பிஸ்டன் வகையாக மாற்றப்பட்டது. மின்சார வால்வைப் பிரித்துச் சுத்தம் செய்ய முயல வேண்டாம். ஸ்கேனர் மூலம் இயக்கிப் பார்த்து, சவ்வு கிழிந்திருந்தால் புதிதாக மாற்றுவதே வழி. வாரண்டி முடியாத காராக இருந்தால் கைவைக்காமல் சேவை மையத்திற்கே கொண்டு போவது நல்லது.

சத்தத்திற்காக மாற்றுவோர் கவனத்திற்கு

நிறுவனம் பொருத்தி அனுப்பும் வால்வு, பெரும்பாலும் விடுவிக்கும் காற்றை வெளியே விடாமல் டர்போவின் முன்பக்கக் குழாய்க்கே திருப்பி அனுப்பும். அதனால்தான் சத்தம் அவ்வளவாகக் கேட்பதில்லை. ‘ப்ஷ்ஷ்ஷ்’ என்ற சத்தம் வேண்டும் என்பதற்காக இளைஞர்கள் அதைக் கழற்றிவிட்டு, காற்றை வெளியே விடும் வால்வைப் போடுகிறார்கள்.

அதனால் எஞ்சினின் சக்தி கூடுவதில்லை. மாறாக, காற்றளவு சென்சார் உள்ள கார்களில் புதுத் தொல்லை தொடங்கும். உள்ளே வந்த காற்றைச் சென்சார் ஏற்கெனவே எண்ணிவிட்டது. 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற எடைக் கணக்கை அடிப்படையாக வைத்துக் கணினி எண்ணெய் விடுகிறது. ஆனால் எண்ணப்பட்ட காற்று வெளியே போய்விட்டதால் பெட்ரோல் மிஞ்சுகிறது. கரும்புகை வரும், எஞ்சின் தடுமாறும், சந்திப்பில் நிற்கப்போகும் நேரத்தில் அணைந்தே போகலாம். எஞ்சின் அணைந்தால் ஸ்டீயரிங் கனத்துவிடும்; பிரேக்கின் உதவி விசை ஓரிரு மிதிப்புக்குத்தான் மிஞ்சும். பின்னால் லாரி வரும் சாலையில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஸ்பிரிங் மிகவும் மென்மையாக இருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஐட்லில் வெற்றிடமே பிஸ்டனைத் தூக்கிவிட, வடிகட்டியைத் தாண்டாத வெளிக்காற்று தூசியோடு நேராக எஞ்சினுக்குள் போகும்.

ஹைலக்ஸ் போன்ற டீசல் வண்டிகளுக்கும் இந்த வால்வை விற்பவர்கள் உண்டு. டீசல் எஞ்சினின் வேகம் பெட்ரோல் எஞ்சினைப் போலக் காற்றை அடைத்துக் கட்டுப்படுத்தப்படுவதில்லை. எனவே கால் எடுத்ததும் காற்று முட்டித் திரும்பும் பிரச்சினை பொதுவாக அதில் இல்லை. அங்கே வாங்குவது சத்தத்தை மட்டும்தான்.

பட்டறையில் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

சொந்தமாகக் கழற்றிப் பழக்கமில்லாதவர்கள் போமனிடம் மரியாதையாக, ஆனால் தெளிவாக இவற்றைக் கேட்கலாம்.

1. “ஸ்கேனரில் என்ன குறியீடு வந்தது? அழிக்கும் முன் படம் எடுத்துக்கொள்ளலாமா?”

2. “வேக்கம் ஹோஸையும் கிளாம்புகளையும் பார்த்தீர்களா?”

3. “ப்ளோ ஆஃப் வால்வு அசைகிறதா என்று சோதித்தீர்களா? கசிவுச் சோதனை செய்தாயிற்றா?”

4. “டர்போவின் அச்சு ஆடுகிறதா? எனக்குக் காட்ட முடியுமா?”

அச்சு இறக்கை உறையில் உரசும் அளவுக்கு ஆடுகிறது, இறக்கை சிதைந்திருக்கிறது, புகைக்குழாயில் நீலப்புகை வருகிறது என்றால் போமன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நேர்மையான போமன் இந்தக் கேள்விகளைக் கேட்டுக் கோபப்பட மாட்டார். நான்காவது கேள்விக்கு அவரே டார்ச் விளக்கைப் பிடித்துக் காட்டுவார்.

மீண்டும் ஒட்டாமல் இருக்க

காற்று வடிகட்டியைச் செம்மண் சாலையில் ஓடும் கார்களுக்கு அட்டவணை சொல்வதைவிட முன்னதாகவே பாருங்கள். நம்மவர்கள் கறுப்பு எண்ணெய் என்று சொல்லும் எஞ்சின் ஆயிலைக் கையேடு குறிப்பிடும் தரத்தில், குறிப்பிட்ட காலத்தில் மாற்றுங்கள். ஒவ்வொரு சர்வீஸின்போதும் அந்த மெல்லிய ஹோஸை ஒரு முறை தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிஸ்டன் வகை வால்வு என்றால் ஆண்டுக்கு ஒரு முறை கழற்றிச் சுத்தம் செய்வது நல்ல பழக்கம். தீபாவளிக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்யும் வாரத்தில் வைத்துக்கொண்டால் மறக்காது. மலை ஏறி வந்தவுடன் எஞ்சினை அணைக்காமல் ஒரு நிமிடம் ஐட்லில் விடுவதும் டர்போவின் ஆயுளைக் காக்கும்.

அந்த எக்சோரா மீண்டும் தாப்பா ஏற்றத்தில் முனகாமல் ஏற, ஒரு முழம் ஹோஸும் சிறிது சிலிகோன் கிரீஸுமே போதுமானதாக இருக்கலாம். அது போதாது என்று சோதனையில் தெரிந்த பிறகு டர்போவுக்குப் பணம் புரட்டினால் போதும்.